அரவிந்தர்: சிறையும் தவமும்



அரசியலைவிட்டு ஆன்மிகம் நாடியவர் என்றே அரவிந்தரைப் பலரும் அறிமுகப்படுத்துவர். 'விட்டு' என்னும் அச்சொல்லில் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கிறது. தோழர் சிறையில் வாட, தலைவர் களம் நீங்கியது முறையா? இவ்வினாவுக்கு விடையை அவர் வாழ்விலேயே தேடவேண்டும்.

1872 ஆகஸ்டு 15 அன்று கல்கத்தாவில் பிறந்த அரவிந்தர், ஏழாம் வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றார். இந்தியச் சாயல் படாமல் மைந்தர் வளரவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர் ஐ.சி.எஸ். தேர்வில் வென்றார், குதிரையேற்றச் சோதனைக்குச் செல்லாமையால் பதவி கிட்டவில்லை. 1893இல் பரோடா அரசின் பணியில் அமர்ந்தார். வங்காளத்தையும் வடமொழியையும் ஆழ்ந்து கற்றது அங்கேதான். 1905ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினைக்குப் பின் கல்கத்தா சென்று, 'வந்தே மாதரம்' ஏட்டில் முழு விடுதலையே குறிக்கோள் என வெளிப்படையாக எழுதினார்.

சிறையே அவரை ஞானியாக்கிற்று என்பது முழு உண்மையன்று. 1908 ஜனவரியிலேயே லேலே என்னும் யோகியின் வழிகாட்டலில் மன அமைதி கைகூடியது. அதன் பின்னரும் அவர் அரசியல் மேடைகளில் முழங்கினார். அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் வீசப்பட்ட குண்டு இரு ஆங்கிலப் பெண்களின் உயிரைக் குடித்தது. அதைத் தொடர்ந்து கைதான அரவிந்தர் அலிப்பூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தார். அங்கே எங்கும் வாசுதேவனையே கண்டதாகப் பின்னர் உத்தர்பாராவில் உரைத்தார். சித்தரஞ்சன் தாஸ் வாதாடினார். தீர்ப்பளித்த பீச்கிராப்டோ கேம்பிரிட்ஜ் காலத்தில் அவருடன் ஐ.சி.எஸ். பயின்றவர். 1909 மே மாதத்தில் அரவிந்தர் விடுதலையானார். தம்பி பாரீந்திரருக்கோ தூக்குத் தண்டனை. மேல்முறையீட்டில் அது அந்தமான் தீவாந்தரமாயிற்று.

1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் புதுவை வந்தார். முன்னரே அங்கு அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் அவருடன் வேத ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1914இல் 'ஆர்யா' தொடங்கியது. உலகைத் துறத்தலன்று, உலக வாழ்வையே தெய்விகமாக்கலே யோகத்தின் பயன் என்பது அவ்வேட்டின் சாரம். இத்தவத்துக்கு விலையும் இருந்தது. மனைவி மிருணாளினி தேவி, கணவருடன் வாழும் பேறின்றி 1918 டிசம்பரில் மறைந்தார். 1920இல் நாகபுரிக் காங்கிரசின் தலைமை தேடிவந்தபோது அரவிந்தர் மறுத்தார். 1926 நவம்பருக்குப் பின் தனிமையில் ஒடுங்கினார்.

எனினும் நாட்டை அவர் மறக்கவில்லை. 1942இல் கிரிப்ஸ் திட்டத்தை ஏற்குமாறு வற்புறுத்தச் சென்னை வழக்கறிஞர் துரைசாமி ஐயரைத் தில்லிக்கு அனுப்பினார். தலைவர்கள் செவிசாய்க்கவில்லை. 1947இல் அவருடைய 75ஆம் பிறந்தநாளே விடுதலை நாளாக அமைந்தது. அதற்கென அவர் எழுதிய செய்தியைத் திருச்சி வானொலி ஒலிபரப்பியது. பிளவுண்ட நாடு மீண்டும் ஒன்றாக வேண்டும் என்ற ஏக்கம் அதில் இருந்தது. 1950 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார்.

அரவிந்தர் துறந்தது தலைமையை, கவலையை அன்று. ஆயினும் அந்தமானில் செக்கிழுத்தோரின் துயரையும், காத்திருந்தே மாய்ந்த ஒரு பெண்ணின் தனிமையையும் மறந்துவிட்டு அவரைப் போற்றுதல் நேர்மையாகாது. அத்துயரையும் உடன்வைத்து எண்ணும்போதுதான் அத்தவத்தின் அருமை முழுமையாக விளங்கும்.