பிரேக் ஆயிலைப் பத்திரமாகக் கையாளுவது எப்படி?

நெல் மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றிப் போக ஜீப்போ சின்ன லாரியோ வைத்திருக்கிறவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறீர்கள். அந்த வண்டியின் பிரேக் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

ஆயில் என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலும் அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் இனத்தைச் சேர்ந்த ரசாயனத் திரவம். திறந்து வைத்த உப்பு ஈரம் இழுக்கிற மாதிரி இதுவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் சூடு வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. பாரத்தோடு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சக்கரத்துப் பக்கம் சூடு ஏறும். திரவம் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழி கட்டும். அப்புறம் மிதித்தால் குமிழிதான் அமுங்கும், வண்டி நிற்காது.

அதனால் சின்ன டின்னாக, சீல் உடைக்காததாக வாங்குங்கள். கடைக்காரர் திறந்த டின்னிலிருந்து ஊற்றிக் கொடுத்தால், விலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். மிச்சத்தை மாசக்கணக்கில் வைத்திருந்து ஊற்றவும் வேண்டாம்.

அவசரத்துக்கு இஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கிற ரப்பர் கப்புகள் ஊதிப்போய் பிரேக் பிடித்துக்கொள்ளும். மொத்தத்தையும் பிரித்து மாற்ற வேண்டிவரும். டீசல் ஊற்றிய புனலும் ஆகாது. டிராக்டர்களில் சிலவற்றுக்கு வேறு எண்ணெய்தான் போட வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

இனி, வைக்கிற இடம். கலர் பாட்டிலிலோ பிராந்தி பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். பிள்ளைகள் குடிக்கிறது என்று எடுத்துவிடும். உள்ளே போனால் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடிய விஷம். வாந்தி எடுக்க வைக்காமல், டின்னையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. கிணற்றுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர் இருக்கும் அறையில் இந்த டின்னை வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் தீக்குச்சி இல்லாமலே தீப்பிடித்துக்கொள்ளும்.

பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்; இல்லாவிட்டால் பெயிண்டு உரிந்து வந்துவிடும். கழித்த திரவத்தை வாய்க்காலில் கொட்டாமல், மூடிபோட்ட டப்பாவில் தனியாக எடுத்து, மெக்கானிக் பட்டறையில் கேட்டுக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.