கண்ணளவும் கருவியளவும்

டில்லியில் அண்டை வீட்டார் புகழ்ந்துண்ட எங்கள் மிளகாய்ப் பூண்டுத் தொக்கை, எங்கள் இல்லத்து மகளிர் புட்டியிலடைத்து விற்கத் தொடங்கினர். இரண்டாம் மாதமே சில புட்டிகள் நுரைத்துத் திரும்பின. விலையைத் திருப்பித் தந்தோம்.

பிழை யாது? புளியைக் கண்ணளவாக இட்டிருந்தோம். எண்ணெயில் மூழ்கிய பூண்டைக் காற்று தீண்டாது. புளிப்பும் குறைந்தால், உயிருக்கே ஊறு செய்யும் நச்சுக் கிருமி அங்கு வளரக்கூடும். பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும், 4.6-க்குக் கீழே அக்கிருமி தழைப்பதில்லை. ஆகவே வினிகரும் சேர்த்து, ஒவ்வோர் ஈட்டையும் கருவியால் அளந்த பின்னரே அடைக்கிறோம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவும் பெற்றுள்ளோம்.

விருந்தினர் நம் பிழையைப் பொறுப்பர். விலை கொடுத்தவர் பொறுக்கக் கடமைப்பட்டவரல்லர்.