மரத்தில் எழுதிய பொறியியல்

வைக்கிங்குகளின் கட்டுமானத் திறனை ஆராயும் இந்தக் கருத்தரங்கிற்குத் தலைமை ஏற்கப் பணித்தவர்களுக்கு என் நன்றி.

வைக்கிங் என்றதும் கொள்ளையும் தீவைப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. அவர்களைப் பற்றி அக்காலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் அவர்களிடம் அடிபட்ட மடாலயத் துறவிகள். அடிபட்டவரின் வேதனை உண்மையானது. ஆனால் 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவில் கொள்ளையிட இறங்கியவர்களைக் கடல் கடத்திய கப்பலை எப்படிக் கட்டினார்கள் என்பதை அந்த ஏடுகள் சொல்லவில்லை. மண்ணுக்கடியில் கிடந்த மரங்கள்தாம் சொல்லின.

நார்வேயின் கோக்ஸ்டாட்டில் 1880-இல் தோண்டியெடுத்த கப்பல் சுமார் 23 மீட்டர் நீளம். அதன் பலகைகளை அருகில் நின்று பாருங்கள். ஓக் மரத்தை அவர்கள் ரம்பத்தால் அறுக்கவில்லை. ஆப்பு வைத்து, ஆரஞ்சுச் சுளை பிரிப்பதுபோல் நடுவிலிருந்து பிளந்து, கோடாரியால் செதுக்கினார்கள். மரத்தின் இழை அறுபடாததால் மெல்லிய பலகையே கடலைத் தாங்கியது. விளிம்பின்மேல் விளிம்பு படியப் பலகைகளை அடுக்கி, இரும்பு ஆணி அறைந்து, உள்முனையில் சிறு இரும்புத் தகடு வைத்து நசுக்கி இறுக்கினார்கள். இடுக்குகளில் தார் தோய்த்த விலங்கு மயிரைத் திணித்தார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே பலகைகளை விலாச் சட்டங்களோடு மரவேர்களால் கட்டினார்கள். அதனால் கப்பல் அலையோடு மல்லுக்கு நிற்காமல் வளைந்து கொடுத்தது. 1893-இல் நார்வே மாலுமி மாக்னஸ் ஆண்டர்சன் இதேபோல் ஒரு கப்பல் கட்டி, நார்வேயின் பெர்கனிலிருந்து நான்கே வாரங்களில் அட்லாண்டிக்கைக் கடந்து இதை மெய்ப்பித்தார்.

நிலத்திலும் இதே கைகளைக் காண்கிறோம். டென்மார்க்கின் டிரெல்லெபோர்க் கோட்டை 980-ஐ ஒட்டி, ஹரால்ட் புளூடூத் மன்னர் காலத்தில் எழுந்தது. வட்ட வடிவ மண்அரண், நான்கு வாயில்கள், குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரு தெருக்கள், உள்ளே நான்கு சதுரங்களாகப் பதினாறு நெடுவீடுகள். வீட்டின் நீளம் சுமார் 29.5 மீட்டர், ரோமானிய அடிக் கணக்கில் 100. அளவுகோல் பிடிக்காமல் இது நடந்திருக்காது. இத்தகைய ஐந்து வட்டக் கோட்டைகளை 2023-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அதே காலத்தில் டென்மார்க்கிலேயே ராவ்னிங் சதுப்பு நிலத்தில் ஒரு மரப்பாலம் எழுந்தது. நீளம் 760 மீட்டர், அகலம் சுமார் 5 மீட்டர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓக் தூண்கள். இத்தனை மரத்தை வெட்டி, இழுத்துவந்து, சேற்றில் நேர்கோடு பிசகாமல் இறக்க எத்தனை பேருடைய உழைப்பு ஒருங்கிணைந்திருக்க வேண்டும்! அந்த ஒழுங்கும் பொறியியல்தான்.

இந்தத் தச்சர்கள் வரைபடமோ நூலோ நமக்கு விட்டுச் செல்லவில்லை. அவர்களின் அறிவு கண்ணிலும் கையிலும் இருந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு வேலைத்தலத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கும். எழுத்தில் இல்லாததை அறிவே அல்ல என்று ஒதுக்கும் பழக்கம் நம் ஆய்வுலகில் இன்னும் இருக்கிறது. அதை இந்த அரங்கிலாவது கைவிடுவோம்.

கட்டுரை படிக்க வந்திருக்கும் இளைஞர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏடுகளைப் படிப்பதுபோலவே கோடாரித் தழும்பையும் படியுங்கள். மரவேலை தெரிந்த ஒரு தச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நீங்கள் காணாததை அவர் காட்டுவார். அந்த நம்பிக்கையோடு இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.