தானே நின்றுவிடும் தேய்மானம்



உங்களில் பலரின் வீட்டில் இப்போது கியூஎல்ஈடி தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும். அந்தப் பெயரில் முதலில் வரும் 'கியூ' குவாண்டம் புள்ளியைக் குறிக்கிறது. குவாண்டம் புள்ளி என்பது சில நனோமீற்றர் அளவேயான ஒரு குறைகடத்தித் துணிக்கை. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். இத்தனை சிறிய பொருளை எதைக்கொண்டு அளந்து, எதைக்கொண்டு சீவுவது? ஒளியைக்கொண்டே அதைச் செய்யலாம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்தக் கதையின் இரண்டு வேர்கள் நாம் வாழும் இதே இலண்டனில் இருக்கின்றன. கிறீன் பார்க் நிலையத்துக்கு அருகே, அல்பெமார்ல் வீதியில் றோயல் இன்ஸ்ரிரியூசன் இருக்கிறது. அங்கே பணியாற்றிய மைக்கேல் பரடே 1833 இல் வெள்ளி சல்பைட்டைச் சூடாக்கினார். உலோகம் சூடானால் மின்சாரம் கடப்பது குறையும். இதிலோ கூடியது. குறைகடத்தியின் குணம் முதன்முதலில் பதிவானது அப்போதுதான். 1857 இல் அவர் பொன்னை மிக நுண்ணிய துணிக்கைகளாக்கி நீரில் மிதக்கவிட்டார். நீர் சிவந்தது. துணிக்கையின் அளவு மாறினாலே நிறம் மாறும் என்று அவர் விளக்கினார். அந்தக் கண்ணாடிக் குடுவைகள் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

பொன்னில் நிறம் மாறுவதற்குக் காரணம் வேறு, குறைகடத்தியில் வேறு. குறைகடத்தியில் உள்ள ஓர் இலத்திரன் மேல்நிலைக்குத் தாவ ஒரு குறைந்தபட்ச சக்தி வேண்டும். அதற்குக் குறைந்த சக்தியுள்ள ஒளி உறிஞ்சப்படாமல் கடந்து போய்விடும். துணிக்கை சிறுக்கச் சிறுக்க அந்தத் தாவலுக்கு வேண்டிய சக்தி கூடும். வயலின் தந்தியை விரலால் அழுத்தி நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பெரிய புள்ளி சிவப்பாக ஒளிரும், சிறிய புள்ளி நீலமாக ஒளிரும். இந்தப் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக அலெக்ஸி எக்கிமோவ், லூயிஸ் புரூஸ், மௌங்கி பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023 இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால், கரைசலில் துணிக்கைகளை வளர்க்கும்போது அவை பல அளவுகளில் வந்துவிடும். அளவு கலந்தால் நிறமும் கலங்கும். இதற்கு ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் யொனேயாமா குழுவினர் 1996 இல் ஓர் அழகான வழியை வெளியிட்டார்கள்.

கட்மியம் சல்பைட்டுத் துணிக்கைகளை ஒட்சிசன் கரைந்த நீரில் இட்டு, ஒரே அலைநீளம் கொண்ட ஒளியை அவற்றின்மேல் பாய்ச்சினார்கள். பெரிய துணிக்கைகள் அந்த ஒளியை உறிஞ்சும். உறிஞ்சியதும் மேற்பரப்பில் உள்ள கந்தகம் ஒட்சிசனுடன் சேர்ந்து சல்பேற்றாகி, கட்மியத்தோடு நீரில் கரைந்துவிடும். துணிக்கை தேயும். தேயத் தேய, தாவலுக்கு வேண்டிய சக்தி ஏறும். ஒரு கட்டத்தில் அந்த ஒளியின் சக்தி போதாமல் போய்விடும். உறிஞ்சல் நின்றதும் தேய்மானமும் தானாகவே நின்றுவிடும். முன்பே அந்த அளவுக்குச் சிறிதாக இருந்தவை தொடப்படுவதில்லை.

மா அரிக்கும் அரிதட்டு பெரியதை ஒதுக்கிவிடும். இந்த ஒளி பெரியதை ஒதுக்காமல், சீவி அளவுக்குக் கொண்டுவருகிறது. இன்னும் சிறியது வேண்டுமானால் நீலத்தை நோக்கி அலைநீளத்தைக் குறைத்தால் போதும். எந்த நிறத்தைத் தேர்ந்தோமோ அதுவே அளவை முடிவு செய்கிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இதே தேய்மானம் பழைய ஓவியங்களைக் கெடுக்கிறது. ஜேம்ஸ் என்சரின் ஓவியம் ஒன்றில் கட்மியம் மஞ்சள் ஒளிபட்டு வெளிறியதை 2009 இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால்தான் குவாண்டம் புள்ளிகளுக்கு மேல் ஓர் உறை போட்டு, காற்றுப் படாமல் அடைக்கிறார்கள். கட்மியம் நஞ்சு என்பதால், அது இல்லாத இந்தியம் பொசுபைட்டுப் புள்ளிகள் இப்போது பல தொலைக்காட்சிகளில் வருகின்றன. பிள்ளைகளே, இது வீட்டில் செய்து பார்க்கிற பரிசோதனை அல்ல.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் ஊரில் இலத்திரன், அலைநீளம், குறைகடத்தி என்று தமிழில் படித்தோம். இங்கே பிள்ளைகள் அதையே ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அதனால் பலர் "அது அவையின்ரை படிப்பு, எங்களுக்கு விளங்காது" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். சொல்தான் வேறு, விஷயம் ஒன்றே. பரடேயும் கொல்லரின் மகன். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகப் போனவர். கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானம் படித்தார்.

இன்று இரவு சாப்பாட்டு மேசையில் பிள்ளையிடம் கேளுங்கள்: "ஒரே பொருள்தானே, சின்னப் புள்ளி நீலமாகவும் பெரிய புள்ளி சிவப்பாகவும் இருப்பது ஏன்?" பதில் எந்த மொழியில் வந்தாலும் பரவாயில்லை. நீங்கள் தமிழில் தொடருங்கள்.