சாவதான் என்னும் பலகை



தாயகத்தை விட்டு வடபுலத்தில் குடியேறிய தமிழர்க்குத் தெருவில் முதன்முதலாகக் கண்ணிற்படும் இந்திச் சொற்களுள் ஒன்று ‘சாவதான்’. பள்ளம் தோண்டிய இடத்திலும் பாலம் பழுதுபார்க்கும் இடத்திலும் அதனைப் பலகையில் எழுதி வைத்திருப்பர். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர், ‘இது நம் சொல்லன்றோ!’ என்று மகிழ்வதும் உண்டு. வடமொழியிலிருந்து இருமொழிக்கும் வந்த சொல்தான். ஆயினும் இந்தியில் அதற்கு ‘எச்சரிக்கையாக இரு’ என்பது பொருள். தமிழிலோ, ஒருவர் சாவதானமாக வந்தார் என்றால், அவசரமின்றி வந்தார் என்றே கொள்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இத்தகைய சொற்களுக்கு அஞ்சிப் பழகியவர்கள். கோப்பில் பிழை நேர்ந்தால் அடித்துத் திருத்திவிடலாம். தெருவில் அவ்வாறு இயலாது.

2016-ஆம் ஆண்டு ஜனவரியில், மேற்குத் தில்லியில் நாம் குடியிருந்த தெருவின் நடுவே குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினார்கள். ஊரிலிருந்து வேலை தேடி வந்து நம்முடன் தங்கியிருந்த தம்பி மகன், அந்தி மயங்கும் நேரத்தில் மூடுபனியினூடே சைக்கிளில் வந்து அதற்குள் விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. “பெரியப்பா, பலகையைப் பார்த்தேன். சாவதானமாகத்தானே போகச் சொல்லியிருந்தது? சாவதானமாகத்தான் போனேன்” என்றான். கட்டுப் போட்ட மருத்துவருக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல நம்மால் முடியவில்லை.

குற்றம் அவனுடைய இந்தியின்மேல் அன்று. பலகை பள்ளத்தின் விளிம்பிலேயே சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதனைப் படித்து முடிக்குமுன் சக்கரம் மண்ணில் சறுக்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறதென்றால், எச்சரிக்கை எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். தடுப்பு என்று அங்கே இருந்தவை நான்கு அரைச் செங்கற்களும் ஒரு வேப்பங்கிளையுமே. (வழியில் பழுதான லாரிக்குப் பின்னால் கல்லும் தழையும் வைப்பது இந்நாடு முழுவதும் உள்ள வழக்கம். லாரி போன பின்னும் கல் அங்கேயே கிடப்பதும் வழக்கமே.) இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு.

சொல்லை நம்பாமல் வடிவத்தையும் நிறத்தையும் நம்பவேண்டும் என்பதை உலக நாடுகள் நெடுநாட்களுக்கு முன்பே உணர்ந்தன. 1968-இல் வியன்னாவில் உருவான சாலைக்குறி உடன்படிக்கை இவ்வழியில் வந்ததே. நம் நாட்டுச் சாலைகளிலும் முக்கோணம் எச்சரிக்கும்; வட்டம் கட்டளையிடும்; நீண்ட சதுரம் செய்தி சொல்லும். ‘நில்’ என்பதற்கு எண்கோணம். அதன் பின்புறத்தைப் பார்த்தாலும், மேலே தூசி படிந்திருந்தாலும் இன்னதென்று தெரிந்துவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுடையவர்க்கும் வடிவம் துணை செய்கிறது.

சிவப்பொளி மூடுபனியை ஊடுருவிச் செல்லும் என்று நாம் பள்ளியில் படித்தோம். மெல்லிய புகைமூட்டத்துக்கு அது பொருந்தும். மூடுபனியின் நீர்த்துளியோ ஒளியலையின் நீளத்தினும் பன்மடங்கு பெரிது. ஆகவே எல்லா நிறங்களையும் அது ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கிறது. தில்லிக் குளிர்காலத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணுவது வீண். அங்கே வேண்டுவது ஒன்றற்கொன்று மாறுபட்டுத் தெரியும் நிறங்கள். மஞ்சளும் கருப்பும் மாறிமாறி வருவது இதற்காகவே. நம்மூர்ச் சாலையோரப் புளியமரங்களின் அடியில் வெள்ளையும் கருப்பும் பட்டையாகத் தீட்டியிருப்பது நேயர்களுக்கு நினைவிருக்கும். வடக்கே பனிக்காலத்தில் சிக்னல் நெருங்குவதை ரயில் ஓட்டுநருக்கு உணர்த்தத் தண்டவாளத்தின் குறுக்கே சுண்ணாம்பு பூசுவதும் இவ்வகையே.

இரவில் சுண்ணாம்பு போதாது. அது விளக்கொளியை நாற்புறமும் இறைத்துவிடும். சாலைக்கோட்டின் வண்ணத்தோடு நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தூவினால், ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே பெரும்பகுதி திரும்புகிறது; ஓட்டுநரின் கண்ணுக்குக் கோடு சுடர்விடுகிறது.

தடுப்புப் பலகையிலுள்ள சாய்ந்த கோடுகள் அழகுக்காக வரையப்பட்டவை என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மையில் அவை வழிகாட்டுகின்றன. கோடு எப்பக்கம் இறங்குகிறதோ அப்பக்கமே வண்டி விலகிச் செல்ல வேண்டும். இது தெரியாமல் வண்ணம் அடிப்போரும் உளர். பலகையை இடம் மாற்றி நிறுத்துவோரும் உளர்.

மறு ஆண்டு அதே தெருவில் அதே குழாய்க்காக மறுபடியும் வெட்டினார்கள். இம்முறை பள்ளத்தின் இருமுனையிலும் மஞ்சள் கருப்புப் பலகைகள், நடுவே கயிறு, மேலே விளக்கு எல்லாம் இருந்தன. ஆனால் இரு பலகைகளின் கோடுகளும் பள்ளத்தை நோக்கியே இறங்கின. கை குணமாகியிருந்த தம்பி மகனே போய்த் தன் இந்தியில் அதை மேஸ்திரிக்கு விளக்கினான். மேஸ்திரி முதலில் ஒரு பலகையைத் தலைகீழாக நட்டுப் பார்த்தார். கோடு முன்போலவே சாய்ந்தது. பின்பு சிரித்துக்கொண்டே, வலப்பலகையை இடப்புறமும் இடப்பலகையை வலப்புறமும் நிறுத்தினார்.