பெயர் உண்டு, எண் இல்லை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சிவில் இன்ஜினியருக்கு யானைப்படை, குதிரைப்படையெல்லாம் எதுக்குப்பா?" என்று செயலாளர் அண்ணன் கேட்டார். பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் ஏற்காடு மலையில் செம்மநத்தத்துக்காரன். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து இங்கே படித்தவன். விடுதியில் நடு ராத்திரி செஸ் ஆடித் திட்டு வாங்கிய கோஷ்டியில் நானும் ஒருவன். 2020 ஊரடங்கில் ஊரிலேயே முடங்கியபோது, அதே கோஷ்டி போனில் கூடியது. ராஜராஜ சோழன் காலத்துப் படையை வைத்து ஒரு போர் விளையாட்டு செய்யலாம் என்று முடிவானது. ஒரு பலகை, இரண்டு பகடை, படைப்பிரிவுக்கு ஓர் அட்டை. அட்டையில் பெயர், ஆயுதம், ஆள் பலம். விவரம் திரட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைத் திறந்தால் வரிசையாக வருகின்றன: பண்டித சோழத் தெரிந்த வில்லிகள், சிறுதனத்து வடுகக் காலவர், பெருந்தனத்து ஆனையாட்கள், இளைய ராஜராஜத் தெரிந்த வலங்கை வேளைக்காரர். 'தெரிந்த' என்றால் தேர்ந்தெடுத்த என்று பொருள். முன்னால் வருவது பெரும்பாலும் அரசனின் பட்டப்பெயர். சோழர் கல்வெட்டுகள் முழுவதிலுமாக எழுபது வரை படைப்பெயர்களை வரலாற்றாசிரியர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு பிரிவில் எத்தனை பேர்? அந்தப் பட்டியலில் அது இல்லை. வில்லிகள் ஐம்பது பேரா, ஐயாயிரம் பேரா? கல் வாய் திறக்கவில்லை.

ஏன் என்று யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்தப் படைகள் கல்வெட்டில் வருவது போருக்காக அல்ல. சில பிரிவுகள் கோயிலின் சிறு சந்நிதிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கின்றன; சில, கோயில் பணத்தை வட்டிக்கு வாங்கியிருக்கின்றன. கோயிலுக்கு வேண்டியது யார் பொறுப்பு என்பதுதான். தலை எண்ணிக்கை அதற்கு எதற்கு? நம் சேலம் பகுதி 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கம்பெனி கைக்குப் போனது. அந்தக் கம்பெனிப் பட்டாளத்தில் எத்தனை சிப்பாய் என்று காகிதம் சொல்லும். காரணம், மாதா மாதம் ஆளை எண்ணிச் சம்பளம் போட வேண்டுமே! எழுதியவனுக்கு எது தேவையோ, அதுதான் நமக்கு மிஞ்சுகிறது.

சரி, வெளியே தேடுவோம் என்று போனேன். சீனாவில் கடல் வணிக அதிகாரியாக இருந்த சாவ் ஜூ குவா 1225 வாக்கில் எழுதிய நூலில், சோழ அரசுக்கு 60,000 போர் யானைகள் என்கிறார். அவர் இங்கே வந்தவர் இல்லை. வணிகர்களிடம் கேட்டு எழுதியவர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு யானைக்கு நாளைக்கு 150 கிலோ தீவனம் என்றால் 9,000 டன். பத்து டன் லாரியில் தினம் 900 லோடு! மகாபாரதத்து அக்குரோணியும் அப்படித்தான். தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. மூன்று மூன்றாகப் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் பத்தால் பெருக்கிய வாய்ப்பாடு அது. எண் ரொம்ப அழகாக இருந்தால் இன்ஜினியருக்குச் சந்தேகம் வர வேண்டும்.

இவ்வளவு புத்தி சொன்னவன் என்ன செய்தேன் தெரியுமா? அட்டையில் இடம் காலியாக இருக்கிறதே என்று வில்லிகளுக்கு '400' என்று போட்டுவிட்டேன். விளையாட்டு சரியாக ஓட அந்த எண் வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அச்சடித்து ஊரில் பிள்ளைகளுக்கும் ஒரு பெட்டி கொடுத்தேன்.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு வீட்டுக்குப் போனால், அக்கா மகன் பள்ளிப் பேச்சுப் போட்டிக்குத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறான். கையை ஆட்டி முழங்குகிறான்: "ராஜராஜனின் வில்லிப் படையில் நானூறு வீரர்கள் இருந்தனர் எனக் கல்வெட்டு கூறுகிறது!"

"எங்கேடா படிச்ச?"

"உங்க அட்டையிலதான் மாமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயிரம் வருஷம் கல் சொல்லாமல் இருந்ததை நான் ஒரு சாயங்காலத்தில் சொல்லவைத்துவிட்டேன்! வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் என்னைக் கடிந்துகொண்டது ஞாபகம் வந்தது. மண்ணின் தாங்குதிறனை உத்தேசமாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் 'அனுமானம்' என்று எழுதாமல் விட்டிருந்தேன். "நீ போட்டது உத்தேசம்னு உனக்குத் தெரியும். அஸ்திவாரம் தோண்டுறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அவனை உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். "அப்போ தப்பா மாமா?" என்றான். "தப்பா சரியான்னே தெரியாதுடா, அதான் தப்பு" என்றேன். பேச்சில் அந்த வரியை அவனே மாற்றிக்கொண்டான்: பெயர் தெரியும், எண்ணிக்கை தெரியாது என்று.

இப்போது அட்டைகளைத் திருத்திவிட்டோம். கல்வெட்டில் உள்ளது கறுப்பு மையில், எங்கள் அனுமானம் சிவப்பு மையில். ஆள் பலம் இருந்த கட்டம் காலி. ஆட்டம் தொடங்கும்போது பகடை உருட்டி எண்ணை வைத்துக்கொள்கிறார்கள், எதிராளிக்குக் காட்டுவதில்லை. எதிரியின் பலம் தெரியாமல் களம் இறங்குவதுதானே நிஜப் போர்? ஆட்டம் முன்பைவிட விறுவிறுப்பாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை.

தம்பி தங்கைகளே, ரெக்கார்டு நோட்டில் ரீடிங் வராத கட்டத்தைப் பக்கத்து நண்பனைப் பார்த்து நிரப்பும் கலையில் நாங்கள் உங்களுக்கு முன்னோடிகள். ஆகையால் அனுபவத்தில் சொல்கிறேன்: தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். நிரப்பியே ஆக வேண்டுமானால், சிவப்பு மையில் நிரப்புங்கள்.