பட்டாளத்துக் குறிப்பும் பின்னாள் உத்தியோகமும்



செகந்தராபாத்தில் திருமலகிரி, பெங்களூரில் அல்சூர், புணேயை அடுத்த கிர்க்கி, இன்னும் ஜபல்பூர் முதலிய இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல வேரூன்றியதற்குப் பட்டாளமே காரணம். தந்தை சிப்பாயாக வந்தார். பிள்ளைகள் அங்கேயே படித்தார்கள். ஊருக்குத் திரும்பும் எண்ணம் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப் போயிற்று. அத்தகைய ஓர் ஊரில், படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் நால்வர், ஞாயிறுதோறும் தமிழ் வாசகசாலையின் தாழ்வாரத்தில் அமர்ந்து, புதிதாக விடுபட்டு வருவோரின் காகிதங்களைப் படித்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்து வருகிறோம். அந்தத் தாழ்வாரத்தில் நாங்கள் கற்றதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

சிப்பாய் ஒருவர் பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்து, முப்பத்தைந்து முப்பத்தாறில் வெளியே வருகிறார். வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயது. ஓய்வூதியம் வரும், ஆயினும் பெருநகரத்து வாடகைக்கும் பள்ளிச் சம்பளத்துக்கும் அது போதாது. ஆகவே மற்றவர்கள் உத்தியோகத்தில் பாதி வழி வந்திருக்கும் வயதில் இவர் இரண்டாம் முறை வேலை தேடப் புறப்படுகிறார். அப்பொழுது இவருடைய பதினேழு ஆண்டு உழைப்புக்குச் சாட்சி சொல்ல ஒரே ஒரு சிறு புத்தகந்தான் கையில் இருக்கிறது. அதனைப் பட்டாளத்தார் டிஸ்சார்ஜ் புக் என்பர்.

அதில் பெயர், எண், சேர்ந்த நாள், விடுபட்ட நாள், கற்ற தொழில், தேறிய வகுப்பு, பெற்ற பதக்கம், உடற்தகுதி ஆகியவை இருக்கும். வேலை கொடுப்பவர் கண் முதலில் சென்று நிற்பவை இரண்டு வரிகள். ஒன்று, விடுபட்ட காரணம். மற்றொன்று, நடத்தை மதிப்பு.

காரணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அதன் விளைவு பெரிது. மத்திய அரசுப் பணிகளில் முன்னாள் படைவீரரை அமர்த்துவதற்கென 1979-ஆம் ஆண்டில் விதிகள் இயற்றப்பட்டன. முன்னாள் படைவீரர் என்று யாரைக் கொள்வது என்பதை அவ்விதிகளே வரையறுக்கின்றன. பணிக்காலம் முடிந்து ஓய்வூதியத்துடன் வந்தவர் அதனுள் அடங்குவார். தீய நடத்தைக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ நீக்கப்பட்டவர் அடங்கமாட்டார். அந்த ஒரு வரி மாறினால் சலுகைகள் அனைத்தும் போய்விடும். அவை சிறிய சலுகைகள் அல்ல. மத்திய அரசின் 'சி' பிரிவு இடங்களில் நூற்றுக்கு 10, பொதுத்துறை நிறுவனங்களிலும் பொதுத்துறை வங்கிகளிலும் அதே பிரிவில் நூற்றுக்கு 14.5 என ஒதுக்கீடு உண்டு. வயதைக் கணக்கிடும்போது சேவை ஆண்டுகளைக் கழித்துப் பார்ப்பார்கள். கழித்து வரும் வயது, குறித்த உச்ச வரம்பை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டாதிருந்தால் போதும். முப்பத்தாறு வயதுக்காரர் பதினேழைக் கழித்தால் பத்தொன்பது வயது இளைஞர் ஆகிவிடுகிறார்! மெட்ரிக் தேறிப் பதினைந்து ஆண்டு சேவை செய்தவர், தொழில்நுட்ப அனுபவம் வேண்டாத 'சி' பிரிவு வேலைகளுக்குப் பட்டதாரிக்கு நிகராகவும் கருதப்படலாம். இவ்வளவும் தெரியாமல் தனியார் வாயிற்காவலுக்கு ஓடியவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

இனி நடத்தை மதிப்புக்கு வருவோம். இங்கேதான் பாஷை குழப்புகிறது. பட்டாளத்தில் இந்த மதிப்புக்கு ஆறு படிகள்: எக்ஸெம்ப்ளரி, வெரி குட், குட், ஃபேர், இன்டிஃபரன்ட், பேட். அதாவது 'குட்' என்பது மூன்றாம் படி. சிவில் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் 'குட்' என்பதை நல்லது என்றே படித்துக் கையெழுத்திடலாம். பட்டாளத்திலிருந்து வந்த மேலாளர் ஒருவர் அங்கே இருந்தால் அதே சொல்லைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். 'ஃபேர்' என்பதைச் சிலர் நியாயமானவர் என்று பொருள் செய்துகொண்டு பெருமையோடு காட்டியதும் உண்டு. சிரிப்பதற்கில்லை; அவருக்கு அதை யாரும் விளக்கவில்லை.

அதிகாரிகள் விஷயத்தில் குழப்பம் வேறு வகை. அவர்களுக்கு ஆண்டுதோறும் ரகசியக் குறிப்பு எழுதப்படுகிறது. உடனடி மேலதிகாரி முதலில் எழுத, அவருக்கு மேலுள்ளவர்கள் படிப்படியாக அதன்மேல் தம் கருத்தை எழுதுவர். மதிப்பெண் ஒன்று முதல் ஒன்பது வரை. ஏழும் எட்டும் 'சராசரிக்கு மேல்' எனப்படும். வெளியுலகத்தில் ஒருவரைச் சராசரிக்கு மேல் என்றால் பரவாயில்லை என்றுதான் கேட்பவர் எண்ணுவார். பட்டாளத்திலோ அதற்கு மேல் ஒரே ஒரு படிதான் உண்டு. ஆகவே நேர்முகத்தில் அந்தச் சொல்லை அப்படியே ஒப்பிக்காமல், ஒன்பதில் எட்டு என்பது எத்தகைய இடம் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நலம். ஆனால் ரகசியக் குறிப்பின் நகலை வேலை கொடுப்பவரிடம் நீட்டக்கூடாது. அதை அவர் கேட்கவும் உரிமை இல்லை. அரசு ஊழியருக்கு எழுதப்படும் எல்லா மதிப்பும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், படை அதிகாரிகளை அத்தீர்ப்பிலிருந்து விலக்கியே வைத்தது.

இப்பொழுது எங்கள் தாழ்வாரத்துக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ராமநாதபுரம் சீமையைச் சேர்ந்தவர். வண்டி ஓட்டும் நாயக். பதினேழு ஆண்டு சேவை. ஐந்தாம் ஆண்டில் தாயாரின் காரியத்துக்கு ஊருக்குப் போனவர், விடுமுறை முடிந்தும் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பினார். தந்தி அடித்ததாகச் சொல்கிறார். யூனிட்டில் அது கிடைத்ததாகப் பதிவில்லை. கடுமையான தண்டனைகள் நடத்தைத் தாளில் சிவப்பு மையிலும் இலேசானவை கறுப்பு மையிலும் ஏறுவது பட்டாள வழக்கம். இவருக்குச் சிவப்பு. பின்னர் வேறொரு சிவப்பு வரியும் விழுந்தது. அதைப்பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வெளிவரும்போது புத்தகத்தில் 'குட்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு நிறுவனத்தில் ஓட்டுநர் வேலைக்குப் போனார். புத்தகத்தைப் புரட்டியவர், "எக்ஸெம்ப்ளரி உள்ள ஆட்களே வரிசையில் நிற்கிறார்கள்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை இவர் எங்களிடம் வந்து உட்கார்ந்து நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, அந்த 'குட்'டுக்கு முன்னாலே ஒரு 'வெரி' போடுகிற இடம் இருக்கிறது. அதே நிற மையும் கிடைக்கும். போட்டுவிட்டால் என்ன?"

அவ்வாறு கேட்டவர் இவர் முதல்வர் அல்லர். கெட்டவராகவும் இவரை நாங்கள் எண்ணவில்லை. பன்னிரண்டு நாளுக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து மறுபடி தண்டனையா என்ற மனக்கசப்பு அது. ஆயினும் மறுத்தோம். புத்தகம் அவர் கையில் இருக்கிறது. மூலப்பதிவு ஆவண அலுவலகத்தில் இருக்கிறது. மதறாஸ் ரெஜிமென்டுக்கு வெல்லிங்டனிலும், சாப்பர்ஸ் எனப்படும் மதறாஸ் எஞ்சினியர்களுக்குப் பெங்களூரிலும், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடிலும், சிக்னல்ஸுக்கு ஜபல்பூரிலும், ஈ.எம்.ஈ.க்குச் செகந்தராபாத்திலும் அவ்வலுவலகங்கள் உள்ளன. அரசு வேலையானால் அங்கே எழுதிச் சரிபார்ப்பார்கள். அப்போது மூன்றாம் படி என்பது போய், பொய்யெழுத்து என்ற குற்றம் வந்து சேரும். வேலையும் போகும், வழக்கும் வரும்.

சரி, நேர்வழி என்ன இருக்கிறது? பதிவே தவறானால் முறையிட வழி உண்டு. படைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சிப்பாய் முதலியோருக்கும் 27-ஆம் பிரிவு அதிகாரிகளுக்கும் அந்த உரிமையைத் தருகின்றன. அவை பணியில் இருக்கும்போதே செய்யத் தக்கவை. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட படைத்துறைத் தீர்ப்பாயத்துக்கு டில்லியில் தலைமை அமர்வும், சென்னை, மும்பை, கொல்கத்தா, கொச்சி, ஜபல்பூர் முதலிய இடங்களில் கிளை அமர்வுகளும் உள்ளன. அங்கே போக விரும்புவோர் இறுதி உத்தரவு கிடைத்த ஆறு மாதத்துக்குள் போதல் வேண்டும். சிவப்பு வரிகள் நான்கு சேர்ந்தன என்ற ஒன்றையே காரணமாக்கி, உரிய விசாரணை இன்றி ஒருவரை வெளியேற்றுதல் கூடாது என்று 2015-இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் நாயக்கின் வரியோ தவறானதன்று. தாமதம் உண்மை. ஆகையால் அதை அழிக்க வழியில்லை என்று அவரிடம் மறைக்காமல் சொன்னோம்.

ஆனால் அதே புத்தகத்தில் அவரே கவனியாமல் விட்ட பக்கம் ஒன்று இருந்தது. கனரக வண்டி ஓட்டும் தகுதியோடு, பழுது பார்ப்பதில் இரண்டு வகுப்புகள் தேறியதாகப் பதிவு. பட்டாளத்துச் சுருக்கெழுத்தில் நான்கைந்து எழுத்துகளாக இருந்ததால் சிவில் கண்ணுக்கு அது தெரியவில்லை. இவ்விஷயத்தில் பட்டாளத்தார் மேல் எங்களுக்குக் குறை உண்டு. ஒருவனுடைய குற்றத்தை முழுச் சொல்லில் எழுதுகிறார்கள். கற்ற தொழிலைச் சுருக்கி எழுதுகிறார்கள். அந்த எழுத்துகளை விரித்து, எத்தனை டன் வண்டி, எந்த மலைப்பாதை, எத்தனை ஆண்டு விபத்தின்றி என்று விண்ணப்பத்தில் எழுதினோம். நடத்தை வரியைப் பற்றிக் கேட்டால் தாயாரின் காரியத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திக்கொள்ளும்படியும், யூனிட்டைக் குறை கூறத் தொடங்கவேண்டாம் என்றும் சொல்லிக் கொடுத்தோம். கடைசியாகப் பணிபுரிந்த யூனிட்டின் அதிகாரியிடம் ஒரு நற்சான்றுக் கடிதமும் கேட்டு எழுதச் செய்தோம். அது வர இரண்டு மாதம் ஆயிற்று.

மாவட்டத்துச் சைனிக் போர்டில் பெயர் பதிந்திருக்கிறாரா என்று கேட்டபோது, ஊரில் பதிந்ததாகச் சொன்னார். வேலை தேடுவது இங்கே, பதிவு ராமநாதபுரத்தில்! வெளிமாநிலத்தில் குடியேறுவோர் பலரும் செய்யும் பிழை இது. குடியிருக்கும் மாவட்டத்துக்குப் பதிவை மாற்றிக்கொண்டால்தான் இங்குள்ள காலியிட அழைப்பு கைக்கு வரும்.

மூன்று இடங்களில் மறுத்தார்கள். நான்காவது ஒரு பேருந்துப் பணிமனை. அங்கிருந்த மேற்பார்வையாளர் நடத்தை வரியைப் படித்தாரா என்பதே எங்களுக்குத் தெரியாது. வண்டி ஒன்றைத் திறந்து காட்டி, இது ஏன் புகைகிறது என்று கேட்டாராம். இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். சம்பளம் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். அடுத்த மாதம் ஞாயிறு ஒன்றில் தாழ்வாரத்துக்கு வந்தார். கையில் வேறொருவருடைய டிஸ்சார்ஜ் புக் இருந்தது.